பன்னிரண்டு பேர் சொன்னால் நீதியாகிவிடுமா?

பொதுஜனங்களில் 12 பேரை உட்கார வைத்து, சாட்சியம் கேட்கச் செய்து, "குற்றவாளியா, இல்லையா?" என்று அவர்களையே சொல்லச் சொல்வது ஜூரி முறை. மக்களே வழங்கும் நீதி என்று இதைப் புகழ்கிறார்கள். அந்த 12 பேர் யார்? எந்தக் கூட்டத்திலிருந்து வந்தவர்கள்? உழைப்பாளி கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

அமெரிக்காவைப் பாருங்கள். 1931-இல் அலபாமா மாநிலத்தில், கூட்ஸ் ரயிலில் சென்ற ஒன்பது கறுப்பின இளைஞர்கள் மீது, இரண்டு வெள்ளைக்காரப் பெண்களைப் பலாத்காரம் செய்ததாக வழக்கு. விசாரணை ஸ்காட்ஸ்பரோ நகரில். ஜூரிகள் எல்லோரும் வெள்ளையர். எட்டுப் பேருக்கு மரண தண்டனை! ஒன்பதாமவன் சிறுவன், அவனுக்கு ஆயுள் தண்டனை போதும் என்றார் அரசாங்க வக்கீலே. ஜூரிகளில் பலர், சாவுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தனர்.

1933 மறுவிசாரணையில் அந்தப் பெண்களில் ஒருவரே கூண்டேறி, புகார் பொய் என்றார். அப்போதும் ஜூரி மரண தண்டனையே விதித்தது. தீர்ப்புச் சொன்னது சாட்சியமா? இல்லை, தோலின் நிறம்! கம்யூனிஸ்டுகள் வழக்கு நடத்தினர். பல நாட்டுத் தொழிலாளர் குரல் எழுப்பினர். ஒருவரும் மின்சார நாற்காலிக்குப் பலியாகவில்லை.

இன்னொரு சூது கேளுங்கள். மரண தண்டனை விதிக்கவே மாட்டேன் என்பவருக்கு அங்கே அத்தகைய வழக்கின் ஜூரியில் இடமில்லை. 1986-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே இதற்கு முத்திரை குத்தியது. கொல்லத் தயங்காதவரைப் பொறுக்கி எடுத்துவிட்டு, மக்கள் தீர்ப்பு என்கிறார்கள்!

"நம் நாட்டில்தான் ஜூரி இல்லையே" என்பார்கள். உண்மை, 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு அது ஒழிந்தது. வர்க்கம் ஒழிந்ததா? 1943 ஜனவரி 8-இல் சின்னியம்பாளையம் மில் தொழிலாளர் நால்வரைக் கோவைச் சிறையில் தூக்கிலிட்டது வெள்ளையன் ஆட்சி. 1968 டிசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில் விவசாயக் கூலிகளின் குடும்பத்தார் 44 பேர் எரிந்து சாம்பலானார்கள். 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. பணக்காரர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைப்பார்களா என்று ஐயப்பட்டது! கூலிக்காரனிடம் இந்த ஐயம் எந்தக் கோர்ட்டுக்கு வந்தது?

ஆகவே, ஜூரியா நீதிபதியா என்பதல்ல நம் வழக்கு. தவறான தீர்ப்பில் சிறைக்குப் போனவன் திரும்பி வரலாம். தூக்குமேடை ஏறியவன் வருவானா?

1936 ஜூலை 30-இல் மில் தொழிலாளர் 12 பேர் பிரெஞ்சுப் போலீசின் குண்டுக்கு இரையான ஊர் இந்தப் புதுச்சேரி. உயிரெடுக்கும் அதிகாரம் யார் மேல் பாயும் என்று நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டாம். அந்தப் பிரான்சே 1981-இல் மரண தண்டனையை ஒழித்துவிட்டது. இந்தியச் சட்டத்தில் தூக்கு இன்னும் இருக்கிறது.

தோழர்களே! சங்கக் கூட்டங்களில் பேசுங்கள், தீர்மானம் போடுங்கள். தூக்குத் தண்டனையை ஒழித்தே தீர வேண்டும்!