கையிற் கொண்டு செல்லும் லினக்ஸ்

நூலகத்தில் இரவல் பெற்ற புத்தகத்தின் ஓரத்திற் குறிப்பெழுத எவர்க்கும் உரிமையில்லை. கல்லூரிக் கணிப்பொறிக்கூடத்திற் பயில்வோர் நிலையும் ஏறக்குறைய அதுவே. குறித்த நேரத்திற்கு ஒரு பொறியின் முன் அமர்கின்றனர்; தமக்கு வேண்டிய மென்பொருளை நிறுவ அனுமதியில்லை; தமிழ் விசைப்பலகையைத் தம் விருப்பின்படி அமைத்துக்கொண்டாலும் மறுநாள் அது பிறிதொருவரால் மாற்றப்பட்டிருக்கும். மடிக்கணினி வாங்க வசதியுள்ளார்க்கு இஃதொரு பெருங்குறையன்று. வசதியில்லாதாரோ, மூன்றாண்டு கணிப்பொறியியல் பயின்றும், யாதொரு பொறியையும் தமதென்று திருத்தியும் கெடுத்தும் பழகும் வாய்ப்பின்றியே பட்டம் பெற்றுச் செல்கின்றனர். இக்குறை நீங்கப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை, ஒரு பென்டிரைவ் போதும் என்பதே நாம் ஈண்டுக் கூறப்புகுவது.

லினக்ஸ் பிறந்த வரலாறே இதற்குத் தக்க சான்றாகும். ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லைனஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஜனவரியில் தமக்கென ஒரு 386 கணிப்பொறி வாங்கினார். அவ்வாண்டிற்குள்ளேயே தாம் எழுதிய கெர்னலை உலகிற்கு வெளியிட்டார். அவரும் பல்கலைக்கழகப் பொறிகளை மட்டுமே நம்பியிருந்தால் யாது நேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தல் தகும். அக்கெர்னலும், ரிச்சர்டு ஸ்டால்மன் 1983 இல் அறிவித்த குனூ திட்டத்தின் கருவிகளும் ஒன்றுகூடியதால் உண்டான முழுமையான இயங்குதளத்தை இன்று யாவரும் விலையின்றிப் பெறலாம், படியெடுக்கலாம், திருத்தலாம்.

நிற்க. பென்டிரைவில் லினக்ஸ் என்றவுடன் பலர் 'லைவ்' முறையையே கருதுகின்றனர். ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட நாப்பிக்ஸ் குறுந்தகட்டால் பரவிய முறை அது. அதில் இயங்குதளம் சுருக்கப்பட்ட, மாற்றவொண்ணாத ஒரே கோப்பாக இருக்கும். நாம் செய்யும் மாற்றங்கள் நினைவகத்திலே தங்கிப் பொறியை நிறுத்தியதும் மறையும். மாற்றங்களைச் சேமிக்கத் தனியிடம் ஒதுக்குதல் உண்டெனினும், அடியிலுள்ள பழைய கோப்பு அவ்வாறே கிடக்க, புதியன மேன்மேலும் அடுக்கப்படும். பழஞ்சுவரின்மேற் காகிதம் ஒட்டுவதை ஒக்கும் அது. சோதித்துப் பார்த்தற்கும், பழுதுற்ற பொறியிலிருந்து கோப்புகளை மீட்டற்கும் லைவ் முறை மிக நன்று. நாடோறும் வாழ்தற்குரிய வீடு அஃதன்று. வன்தட்டில் நிறுவுவதுபோலவே பென்டிரைவில் முழுமையாக நிறுவினால், கெர்னல் உட்பட யாவும் முறைப்படி புதுப்பிக்கப்படும். ஒருநாள் ஏதேனும் கெட்டால் நாமே அதைச் சீர்செய்ய நேரும். வகுப்பறையிற் கிட்டாத கல்வி அதுவே என்பது நம் கருத்து.

நிறுவும் வழி கடினமன்று. நிறுவியைத் தாங்கிய ஒரு பென்டிரைவும், நிறுவப்பெறுதற்கு 32 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட மற்றொன்றும் வேண்டும், பின்னது யு.எஸ்.பி. 3.0 வகையாயிருத்தல் நலம். எச்சரிக்கை வேண்டுவது ஓரிடத்தில் மட்டுமே. சில நிறுவிகள் தொடக்க நிரலாகிய கிரப்பைப் பென்டிரைவில் எழுதாது பொறியின் உள்வட்டிலே எழுதிவிடும். பின்னர், பென்டிரைவைக் கழற்றியதும் அப்பொறி தொடங்காது தவிக்கும். ஆதலின் நிறுவும் வேளையில் உள்வட்டைக் கழற்றிவைத்தலே உத்தமம். டெபியன் நிறுவி, கழற்றத்தக்க சாதனங்களுக்குரிய இடத்திலும் கிரப்பை எழுதலாமா என்று கேட்குமிடத்து, ஆம் என்க. அங்ஙனமாயின் பெரும்பாலான பொறிகளிற் செருகினும் அது தொடங்கும்.

குறைகளை மறைத்தல் நேர்மையன்று. சிறுசிறு கோப்புகளை எழுதுவதிற் பென்டிரைவ் மெதுவாயிருக்கும். பன்முறை எழுதி அழித்தலால் தேய்ந்தும் போகும். ஸ்வாப் பகுதியை விலக்குதலும், கோப்பைப் படிக்குந்தோறும் நேரங்குறிப்பதைத் தவிர்க்கும் நோஅடைம் என்னும் அமைப்பை இடுதலும் தேய்வைக் குறைக்கும். எனினும் வாரந்தோறும் மறுபடி ஒன்று எடுத்துவைக்க வேண்டும். மேலும், குடையினும் எளிதிற் காணாமற் போகும் பொருள் அது; நிறுவும்போதே முழுவதையும் மறையாக்கம் செய்துகொள்ளாதவர் தம் கடிதங்களைத் தெருவில் எறிந்தவரே ஆவர்.

இனி, கல்லூரித் தலைவர்களை நோக்கி ஒரு வேண்டுகோள். பொறிகள் வெளிச்சாதனத்திலிருந்து தொடங்காவண்ணம் பூட்டி வைக்கப்படுவதற்குக் காரணம் உண்டு. வெளியிலிருந்து கொணரும் இயங்குதளம், மறையாக்கம் செய்யப்படாத உள்வட்டிலுள்ள யாவற்றையும் படிக்கவல்லது. அவ்வச்சத்தை நாம் இகழவில்லை. ஆயினும், விண்டோஸ் 10க்குரிய பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத பழம்பொறிகள் பல இடங்களிற் பண்டகசாலைக்குச் செல்கின்றன. அவற்றுள் ஆறினை எடுத்து, உள்வட்டைக் கழற்றி, கல்லூரியின் அலுவல் வலையினின்று பிரித்த இணைப்பொன்று தந்து, கூடத்தின் ஒரு மூலையில் வைத்தால் என்ன? களவு போதற்கு அங்கே தரவில்லை. கெடுதற்குக் கிரப்பும் இல்லை. எக்ஸ்எஃப்சிஇ போன்ற எளிய முகப்புக்கு 4 ஜிபி நினைவகமே போதும். நாற்காலிகளும் ஒரு நீண்ட மேசையும் ஏற்கெனவே உள்ளன. மாலை ஐந்து மணிக்குமேற் கூடத்தின் திறவுகோல் எவரிடம் இருப்பது என்பதொன்றே முடிவுசெய்தற்குரியது.