கெட்டியாக இருந்தால் அரிக்காது என்று அர்த்தமா?



ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பலர் இப்போது அலுமினியக் காம்போசிட் பற்றிப் பேசுகிறார்கள். இன்ஜினியரிங் பிள்ளைகளின் கடைசி வருடப் புராஜெக்ட்டும் அதுதான். உருக்கிய அலுமினியத்தில் சிலிக்கான் கார்பைடு தூளைக் கலந்து வார்ப்பார்கள். சாணைக்கல்லில் இருக்கும் அதே பொருள். எடை குறைவு, தேய்மானமும் குறைவு. டொயோட்டா 1983-லேயே டீசல் பிஸ்டனில் செராமிக் இழை சேர்த்தது. 1996-ல் வந்த லோட்டஸ் எலீஸ் காரின் பிரேக் டிஸ்க்கும் இந்த வகைதான். நல்ல சரக்கு, சந்தேகமில்லை.

என் கவலை வேறு. கடினத்தன்மையையும் தேய்மானத்தையும் சோதித்துவிட்டு, "அலுமினியம்தானே சார், துருப்பிடிக்காது" என்று முடித்துவிடுகிறார்கள். அலுமினியத்தைக் காப்பாற்றுவது அதன் மேல் தானாகப் படியும் மெல்லிய ஆக்சைடு படலம். துகள் இருக்கும் இடத்தில் அந்தப் படலம் விட்டுப்போகும். உப்புத் தண்ணீர் அங்கே நுழைந்து குழி பறிக்கும். வார்க்கும்போது சூடு மிஞ்சினால் துகளைச் சுற்றி அலுமினியம் கார்பைடு உண்டாகும். ஈரம் பட்டால் அது மீத்தேனாகவும் ஹைட்ராக்சைடாகவும் சிதைந்து, துகளின் பிடிமானம் போய்விடும். கலவையில் சிலிக்கான் போதுமான அளவு இருந்தால் இந்தத் தொல்லை குறையும்.

அரிப்பைச் சோதிப்பவர்களும் பெரும்பாலும் 3.5 சதவீத உப்புக் கரைசலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது கடல் தண்ணீருக்குச் சரி. ஓசூரில் கடல் எங்கே இருக்கிறது? இங்கே வண்டி மேல் படுவது போர் தண்ணீர், வாட்டர் சர்வீஸ் சோப்பு, கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்க வரும் தென்பெண்ணைத் தண்ணீர். அலுமினியம் அமிலத்தில் மட்டுமல்ல, காரத்திலும் கரையும் என்று வகுப்பில் படித்தீர்களே! புளிக்குழம்பை அலுமினியச் சட்டியில் ராத்திரி முழுக்க வைக்கக்கூடாது என்பது நம் வீட்டுப் பெண்களுக்கே தெரியும்.

ஆகவே பிள்ளைகளே, உப்புக் கரைசலோடு இந்த மூன்று தண்ணீரையும் தனித்தனிக் குவளையில் எடுங்கள். தூள் கலந்த துண்டையும் கலக்காத துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஊறவையுங்கள். எடையை மட்டும் பார்க்காதீர்கள். ஊசிமுனைக் குழி எடையில் தெரியாது, மைக்ரோஸ்கோப்பில்தான் தெரியும். முடிவு பாதகமாக வந்தாலும் மறைக்காமல் ரிப்போர்ட்டில் எழுதுங்கள். பிரேக்கை நம்பி வண்டி ஓட்டுவது யாரோ அல்ல, நம் வீட்டுப் பிள்ளைகள்தான்.

இந்தத் துறையில் இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். நானும் தெரிந்துகொள்கிறேன்.