லைனும் ரோலும்

ஆங்கிலம் பயிலும் மாணவரை மலைக்க வைப்பன நெடுஞ்சொற்கள் அல்ல, சின்னஞ்சிறு சொற்களே. 'லைன்' என்பது கோடு என்று முதல் வகுப்பிலேயே படித்துவிடுகிறோம். பின்னர் அதுவே செய்யுளின் அடியாகிறது, தூண்டிற் கயிறாகிறது, குலவழியும் ஆகிறது. 1867இல் கண்டிக்கு வந்த இருப்புப் பாதையும் லைன்தான். இலத்தீனில் ஆளிநாரில் திரித்த நூலைக் குறித்த சொல்லின் வழி வந்தது இது. இழுத்துக் கட்டிய நூல் நேராக நிற்குமன்றோ? மற்றப் பொருள்களெல்லாம் அந்நூலைப் பிடித்துக்கொண்டே வந்தவை.

கண்டியைச் சூழ்ந்த மலைகளில் இச்சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. தொழிலாளர்க்கென வரிசையாகக் கட்டிய அறைகளைத் துரைமார் 'லைன்' என்றனர். நம்மவர் நாவில் அது 'லயம்' ஆயிற்று. லயம் என்றால் ஒன்றிக் கலத்தல் என்றும் பொருள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஒரு குடும்பமே ஒடுங்கியதற்கும் அப்பெயர் பொருந்தியது விந்தையே! தேயிலைச் செடிகளின் வரிசைக்கோ 'நிரை' என்னும் பழந்தமிழ்ச் சொல்லையே அம்மக்கள் வழங்குகின்றனர். உழைத்த இடத்துக்குத் தம் சொல்லையும் உறங்கிய இடத்துக்குத் துரையின் சொல்லையும் வைத்துக்கொண்டனர் என்க.

இனி 'ரோல்'. உருளுதலும் சுருட்டுதலும் அதன் பொருள். மாலையில் தேநீர்க் கடையில் நாம் உண்ணும் ரோலும் சுருட்டியதே. 1867இல் லூல்கந்தூரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர், தொடக்கத்தில் இலையை மேசைமேலிட்டுக் கையாலேயே சுருட்டுவித்தார், அதுவும் ரோல். முற்காலத்தில் பெயர்ப் பட்டியலைத் தோற்சுருளில் எழுதியமையால் பட்டியலுக்கும் அப்பெயர் வந்தது. கோயிற் கணக்கெழுதிய ஓலைச்சுருளை நம் முன்னோர் 'சுருணை' என்றதும் இதே போக்குத்தான்.

தோட்டத்துப் பட்டியல் 'செக்ரோல்'. காலையில் பிரட்டுக் களத்தில் ஆளெண்ணுவர். மாலையில் கொழுந்தை நிறுப்பர். குறித்த எடை குறைந்தால் 'அரைப்பேர்'தான். ஒரு நாட் கூலிக்குப் 'பேர்' என்றே பெயர். உழைத்த மனிதரின் பெயரையே பாதியாக அறுப்பது போன்ற இவ்வழக்கைக் கேட்கும்போதெல்லாம் நம் மனம் துணுக்குறுகிறது.

மற்றொரு ரோல், வாக்காளர் இடாப்பு. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சில இடங்களை வென்றது. 1948இல் குடியுரிமைச் சட்டமும், 1949இல் தேர்தற் சட்டத் திருத்தமும் வந்தன. 1952இல் அடுத்த தேர்தல் நடந்தபோது மலையகத் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோர்க்கு வாக்கில்லை. செக்ரோலில் நாள்தோறும் ஏறிய பெயருக்கு இந்த ரோலில் இடமில்லாது போயிற்று. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் பலரைக் கடல் கடத்திற்று. எஞ்சி நின்ற நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. அவர்களுட் பலரது முகவரி அன்றும் லயமாகவே இருந்தது.