பெயரை நீக்குபவரே காரணம் காட்டட்டும்

2025 டிசம்பர் 19 அன்று தமிழ்நாட்டின் வரைவு வாக்காளர் பட்டியல் வெளியானபோது, அதில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது 6.41 கோடிப் பேர் இருந்த பட்டியல் 5.43 கோடியாகச் சுருங்கியிருந்தது. விடுபட்டவர்களில் ஏறத்தாழ 27 லட்சம் பேர் இறந்தவர்கள் என்றது தேர்தல் ஆணையம். அந்தப் பெயர்கள் போக வேண்டியவைதான். கவலை தருவது அதைவிடப் பெரிய வரிசை: 66 லட்சம் பேர் இடம்பெயர்ந்தவர்கள் அல்லது முகவரியில் இல்லாதவர்கள். சட்டமன்றத் தேர்தலுக்குச் சில மாதங்களே இருந்த நேரத்தில், வீட்டில் கொடுத்த கணக்கீட்டுப் படிவம் திரும்பி வரவில்லை என்பதே இவ்வளவு பேர் பட்டியலிலிருந்து விழப் போதுமானதாக இருந்தது.

போலிப் பெயர்கள் இருக்கலாமா, இறந்தவர் பெயரில் வாக்கு விழலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. பட்டியல் சுத்தமாக வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. அதற்கான உழைப்பும் நிரூபிக்கும் பொறுப்பும் யார் தலையில் விழுகின்றன என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் வாக்காளராவது பெரும்பாலும் குடிமகனின் தனிப் பொறுப்பு. அவரே முயன்று பதிவுசெய்துகொள்ள வேண்டும். இந்தியா வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. எழுத்தறிவில்லாத, முகவரி நிலையில்லாத கோடிக்கணக்கான மக்களைக் கொண்ட நாட்டில் அரசே வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதியது. 1951-52இல் நடந்த முதல் பொதுத் தேர்தலுக்கு அப்படித்தான் 17 கோடிக்கும் மேற்பட்டோரின் பட்டியல் உருவானது. அப்போதும் ஒரு பெரிய இழப்பு நேர்ந்தது. 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் தாய்' என்று மட்டுமே சொல்லித் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்த சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலில் இடம்பெறவில்லை. பிகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் போன்ற வட மாநிலங்களைச் சேர்ந்தவர்களே இவர்களில் அதிகம். சொந்தப் பெயர் இல்லாமல் பதிவு செய்ய முடியாது என்று முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றதில் தவறு காண முடியாது. ஆனால், விதி நியாயமாக இருந்தும் அதன் சுமை எல்லார் மீதும் சமமாக விழவில்லை. அந்நிய ஆணிடம் தன் பெயரைச் சொல்லப் பழகாத பெண்மீது விழுந்தது. பதிவு விதிகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த 28 லட்சம் பேரை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இன்றைய விதிக்கு வருவோம். கணக்கீட்டுப் படிவத்தில் 2002 அல்லது 2005ஆம் ஆண்டின் பட்டியலில் தன் பெயரோ, பெற்றோர், தாத்தா பாட்டி பெயரோ இருந்ததைக் காட்ட வேண்டியிருந்தது. தலைமுறை தலைமுறையாக ஒரே தெருவில் சொந்த வீட்டில் வாழ்பவருக்கு இது ஐந்து நிமிட வேலை. சென்னையின் கண்ணகி நகரிலோ பெரும்பாக்கத்திலோ வாழ்பவரை எண்ணிப் பாருங்கள். கூவம் கரையிலிருந்தும் நகரின் மற்ற குடிசைப் பகுதிகளிலிருந்தும் அரசே அப்புறப்படுத்திக் கொண்டுபோய்க் குடிவைத்த குடும்பங்கள் அவை. 2002இல் அவர்களுடைய வாக்கு வேறொரு தொகுதியில் இருந்தது. 2008 மறுசீரமைப்பில் தொகுதி எல்லைகள் மாறின. பூங்கா நகர் என்ற தொகுதியே இல்லாமல் போனது. சோழிங்கநல்லூர் புதிதாகப் பிறந்தது. பழைய தொகுதியின் பெயர் என்ன, பாகம் எண் என்ன, எந்தப் பள்ளிக்கூடத்தில் வாக்களித்தோம் என்று கொத்து வேலைக்குப் போகும் பெண் எங்கே போய்த் தேடுவார்? திருமணமாகி ஊர் மாறி, தலைப்பெழுத்தும் தந்தையிலிருந்து கணவனுக்கு மாறியவர் என்றால் பிறந்த ஊரின் பழைய பட்டியலில் பெற்றோரைக் கண்டுபிடித்து, அவர்களின் மகள்தான் இவர் என்று பொருத்திக் காட்ட வேண்டும். சாதிச் சான்றிதழுக்கே ஆண்டுக்கணக்கில் அலையும் இருளர் குடும்பங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வேலைக்காக ஊர்விட்டு ஊர் போனவர் நிலை இன்னும் மோசம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1950இன் 20ஆவது பிரிவு, தற்காலிகமாக ஊரில் இல்லாத காரணத்தாலேயே ஒருவர் அவ்வூர்வாசி அல்லாதவராகிவிட மாட்டார் என்று தெளிவாகச் சொல்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனியில் ஆறு மாதம் தங்கி வேலை செய்பவரையும், செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போனவரையும் காக்கும் வரி இது. பூட்டிய கதவு அவருக்கு எதிரான சாட்சியாகக் கூடாது. கதவைத் தட்டிய வாக்குச்சாவடி நிலை அலுவலரைக் குறை சொல்வதிலும் பொருளில்லை. அங்கன்வாடிப் பணியாளரும் ஆசிரியரும் தங்கள் அன்றாட வேலையோடு, நவம்பர் மழையில், கெடுவுக்குள் நூற்றுக்கணக்கான வீடுகளை முடிக்க வேண்டியிருந்தது. அவர்களது பணிச்சுமையைக் குறைக்கக் கூடுதல் ஊழியர்களை நியமிக்குமாறு உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்குச் சொல்லும் அளவுக்கு நெருக்கடி இருந்தது.

இறந்தவர்களை நீக்க இத்தனை கோடிப் பேருக்குப் படிவம் கொடுத்திருக்கவே வேண்டியதில்லை. இறப்புப் பதிவில் தமிழ்நாடு நாட்டிலேயே முன்வரிசையில் உள்ள மாநிலம். இறப்புப் பதிவு விவரங்களைப் பதிவாளரிடமிருந்து மின்னணு முறையில் நேரடியாகப் பெற்றுப் பட்டியலைத் திருத்தப் போவதாகத் தேர்தல் ஆணையமே 2025 மே மாதம் அறிவித்தது. அந்த வழியை முழுமையாக நடைமுறைப்படுத்தியிருந்தால் உயிரோடு இருப்பவரைத் தொந்தரவு செய்யாமல் இறந்தவர் பெயர் நீங்கியிருக்கும். ஆனால், இரண்டு மாதம்கூட ஆகும் முன், ஜூன் 24 அன்று பிகாருக்கான தீவிரத் திருத்த ஆணை வந்துவிட்டது.

பிகாரில் நடந்ததை நாம் கூர்ந்து கவனிக்க வேண்டும். அங்கு 7.89 கோடி வாக்காளர்களில் 65 லட்சம் பேர் வரைவுப் பட்டியலில் இல்லை. யார் யார், என்ன காரணம் என்ற தனிப் பட்டியலை வெளியிடுமாறு விதி எதுவும் தங்களைக் கட்டாயப்படுத்தவில்லை என்று ஆணையம் நீதிமன்றத்தில் வாதிட்டது. ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றம் அந்த 65 லட்சம் பெயர்களையும் காரணத்தோடு வெளியிட உத்தரவிட்டது. ஏழைகளின் கையில் இருக்கும் ஒரே ஆவணம் பெரும்பாலும் ஆதார்தான். அதையும் மற்ற ஆவணங்களோடு சேர்த்து ஏற்க வேண்டும் என்று நீதிமன்றம் தெளிவாகச் சொல்ல செப்டம்பர் 8 வரை ஆயிற்று. நீதிமன்றம் தலையிட்ட பிறகே கிடைத்த இவை இரண்டும் முதல் நாளிலிருந்தே நடைமுறையாக இருந்திருக்க வேண்டியவை.

நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது என்ற கோட்பாட்டைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. டெல்லியிலும் மும்பையிலும் குடிசைப் பகுதி வாக்காளர்களைக் குடியுரிமை ஆவணத்தோடு வரச் சொல்லி நோட்டீஸ் அனுப்பியபோது, 1995இல் லால் பாபு உசேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஒருவர் பெயர் ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறது என்றால் உரிய நடைமுறைப்படிதான் அது சேர்க்கப்பட்டது என்று கொள்ள வேண்டும்; சந்தேகம் இருந்தால் எதனால் சந்தேகம் என்பதை அவரிடம் சொல்ல வேண்டும்; அவர் தரும் எந்தச் சான்றையும் பரிசீலிக்க வேண்டும் என்றது தீர்ப்பு. வரைவில் சேர்க்காதது நீக்கம் ஆகாது என்று இப்போது சொல்லப்படும் விளக்கம், இந்தப் பாதுகாப்பைச் சுற்றிக்கொண்டு போகும் வழி. 2024 ஏப்ரலில் மக்களவைத் தேர்தலில் வாக்களித்து விரலில் மை வைத்துக்கொண்டவருக்கு இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

சுமையைக் குடிமகன்மீது மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் கான்சஸ் மாநிலம் சாட்சி. புதிதாகப் பதிவுசெய்வோர் குடியுரிமை ஆவணம் காட்ட வேண்டும் என்ற சட்டம் அங்கு 2013இல் நடைமுறைக்கு வந்தது. அதனால் 31,000க்கும் மேற்பட்டோரின் விண்ணப்பங்கள் முடங்கின அல்லது ரத்தாயின. ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் பட்டியலில் நுழைந்த குடிமக்கள் அல்லாதோரோ அதிகபட்சம் 39 பேர் என்று விசாரணையில் தெரியவந்தது. 2018இல் நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாது என்றது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2020இல் அதை உறுதிசெய்தது. இடைப்பட்ட தேர்தல்களில் வாக்கை இழந்தவர்களுக்கு அந்த வாக்கு திரும்பக் கிடைக்கவில்லை.

ஆகவே தமிழ்நாட்டிலும் மற்ற மாநிலங்களிலும் கேட்க வேண்டியவை தெளிவானவை. உயிரோடு உள்ள எவர் பெயரையும், அவர் கைக்கு நோட்டீஸ் சேராமல், காரணம் எழுத்தில் தராமல் நீக்கக் கூடாது. வெளியூரில் இருப்பவருக்குத் தொலைபேசியிலும் உறவினர் வழியாகவும் தகவல் சேர்க்க வேண்டும். விடுபட்டோர் பட்டியல் ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் ரேஷன் கடையிலும் ஒட்டப்பட வேண்டும். கணினியில் தேடவும் ஒப்பிட்டுப் பார்க்கவும் கூடிய வடிவில் எல்லாக் கட்சிகளுக்கும் பொதுமக்களுக்கும் கிடைக்க வேண்டும். தேர்தலை ஒட்டிய மாதங்களில் இத்தகைய திருத்தமே நடக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தவறாக விடுபட்டவரைப் படிவம் 6 எழுதிப் புது வாக்காளராக வரிசையில் நிற்க வைப்பது நிற்க வேண்டும். முப்பது ஆண்டு வாக்களித்த மூதாட்டி முதன்முறை பதிவு செய்யும் பதினெட்டு வயதுக்காரரைப் போல ஏன் விண்ணப்பிக்க வேண்டும்? பெயரை விட்டது அலுவலகம். அதே அலுவலகம் அவர் வீட்டுக்கு வந்து, பழைய பதிவைப் பார்த்து, அவருடைய பெயரைப் பழைய எண்ணிலேயே மீண்டும் எழுதித் தரட்டும்.