முதல் சேலை யாருக்கு?

பொங்கல் வாரத்துக்கான ஷிஃப்ட் பட்டியல் இந்தத் திங்கள்கிழமை எங்கள் டெஸ்க் வாட்ஸ்அப் குரூப்பில் வந்துவிட்டது. போகியன்று காலை 6 மணி ஷிஃப்ட்டில் என் பெயர். வழக்கமாக இதைப் பார்த்ததும் ஊருக்குப் போகும் ரயில் டிக்கெட்டைத்தான் நினைப்பேன். இந்த முறை முதலில் மகளின் டே கேர் ஆயாம்மாவிடம் ஓடினேன்.

"ஆயாம்மா, போகிக்கு உங்களுக்கு லீவா?"

"என்ன பாப்பாம்மா, பொங்கலுக்கு இன்னும் ஒரு மாசம் கிடக்கு. இப்பவே கேக்குறீங்க!" என்று சிரித்தார்.

நான் இவ்வளவு முன்னதாகக் கேட்டதற்குக் காரணம் சென்ற தீபாவளி. அந்த ஒரு வாரக் கதையைச் சொன்னால் உங்களில் பலர், 'அட, நம்ம வீட்டுலயும் இதேதான்' என்பீர்கள்.

*கவுன் வாங்கப் போன மாலை*

தீபாவளிக்கு முந்தைய திங்கள்கிழமை. காலையில் மகளை விடும்போது ஆயாம்மா ஒரு விஷயம் கேட்டார். "இன்னைக்கு மட்டும் கரெக்டா 6 மணிக்கு வந்துடுங்க. தி.நகர் போய் என் பொண்ணுக்கு கவுன் எடுக்கணும்." சரி என்று தலையாட்டிவிட்டு ஆபீஸுக்கு வந்தேன். மாலையில் கனமழை எச்சரிக்கை. எந்தெந்த மாவட்டம் என்று அப்டேட் போட்டுக்கொண்டிருந்ததில், கடிகாரத்தைப் பார்த்தபோது மணி 6.35. டே கேர் வாசலை அடைந்தபோது 7.20.

மற்ற குழந்தைகள் எல்லோரும் போயிருந்தார்கள். என் மகள் மட்டும் செருப்பு மாட்டி, பை மாட்டி, ஆயாம்மா மடியில் உட்கார்ந்திருந்தாள். "பரவாயில்ல, நாளைக்குப் போய்க்கிறேன்" என்றார் ஆயாம்மா. அன்றைக்கு அந்தப் 'பரவாயில்ல'யை நான் அப்படியே நம்பிவிட்டேன்.

அதே இரவு டே கேரிலிருந்து மெசேஜ் வந்தது. தீபாவளியை முன்னிட்டு சனி முதல் செவ்வாய் வரை நான்கு நாள்கள் விடுமுறை. எனக்குக் கோபம் வந்தது. "ஆபீஸுக்கு ஒரு நாள்தான் லீவு. இவங்க நாலு நாள் மூடிட்டா நாம எங்கே போறது?" என்று கணவரிடம் புலம்பினேன். அவர் ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். தீபாவளிக்கு முந்தைய வாரம் அவரிடம் லீவைப் பற்றிப் பேசுவதே வீண். அச்சுப் பத்திரிகைகளுக்காவது தீபாவளியன்று விடுமுறை உண்டு. டிஜிட்டலுக்கு அதுவும் கிடையாது.

*கிராமா, சவரனா?*

அந்தக் கவலையே பெரிது என்று நினைத்திருந்தபோது, மறுநாள் 11 மணிக்கு டே கேரிலிருந்து போன். "பாப்பா உள்ளங்கையில சிவப்பு சிவப்பா இருக்கு. சாப்பாட்டைத் துப்புறா. வந்து கூட்டிட்டுப் போங்க."

'ஹேண்ட் ஃபுட் மவுத்' என்றார் டாக்டர். கை, கால், வாயில் கொப்புளம் வரும் வைரஸ் தொற்று. பெரும்பாலும் 5 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு வருவது. வைரஸ் என்பதால் ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. தண்ணீர், மோர், ஆறிய கஞ்சி என்று கொடுத்துக்கொண்டிருந்தால் 7 முதல் 10 நாளில் தானாக ஆறிவிடும். "மற்ற குழந்தைகள் பக்கத்துல மட்டும் விடாதீங்க" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் எங்கள் தீபாவளி நின்றது. கோவில்பட்டியில் அத்தை வீட்டுக்கு 60 நாள்களுக்கு முன்பே டிக்கெட் எடுத்து வைத்திருந்தோம். அங்கே நாத்தனார் 5 மாதக் கைக்குழந்தையோடு வந்திருந்தார். போக முடியாது.

சாதாரண வருஷமாக இருந்தால், 'அடுத்த முறை பார்த்துக்கலாம்' என்று விட்டிருப்பேன். ஆனால் மாமா தவறிய பிறகு ஒரு வருஷம் வீட்டில் பண்டிகை இல்லை. இதுதான் அதற்குப் பிறகு வரும் முதல் தீபாவளி. அத்தை எங்களுக்காகக் காத்திருந்தார்.

புதன்கிழமை லீவு போட்டேன். அந்த வருஷத்தில் மிச்சமிருந்த இரண்டு கேஷுவல் லீவில் ஒன்று. வியாழக்கிழமை வீட்டிலிருந்து வேலை. ஒரு கையில் மோர் டம்ளர், இன்னொரு கையில் லேப்டாப். அன்றைய தங்கம் விலைச் செய்தியில் கிராம் விலையைச் சவரன் விலை என்று போட்டுவிட்டேன். எட்டில் ஒரு பங்கு விலைக்குத் தங்கம்! மூன்று நிமிடத்தில் திருத்தியாயிற்று. அதற்குள் எடிட்டரின் போன். அவர் திட்டவில்லை. "பாப்பா எப்படி இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டார். அதற்குத்தான் எனக்கு அழுகை வந்தது.

2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது, சம்பளத்துடன் கூடிய விடுப்பை 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தினார்கள். 50 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், அம்மா ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்த்துவரலாம் என்றும் சேர்த்தார்கள். நல்ல விஷயம். ஆனால், தொற்று வந்த குழந்தையை எந்தக் காப்பகமும் வைத்துக்கொள்ளாது, வைத்துக்கொள்ளவும் கூடாது. மத்திய அரசுப் பணியில் உள்ள பெண்களுக்கு, பிள்ளைக்கு 18 வயது ஆகும்வரை, மொத்தப் பணிக்காலத்தில் 730 நாள்கள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. தனியார் வேலையில் நம்மில் பெரும்பாலானோருக்கு அப்படி எதுவும் இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், நமக்குக் காய்ச்சல் வரும்போது எடுக்க வேண்டிய லீவை எடுக்கிறோம்.

*எதிர்த்திசை ரயில்*

வியாழன் மதியம் அத்தைக்கு போன் செய்து, "நாங்க வர முடியலைங்கத்தை" என்றேன். சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு, "நான் வாரேன்" என்றார்.

தீபாவளி நேரத்தில் டிக்கெட் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். எல்லோரும் சென்னையைக் காலி செய்துகொண்டு தெற்கே போகும்போது, தெற்கிலிருந்து சென்னைக்கு வரும் ரயிலில் யார் ஏறப் போகிறார்கள்? அன்றிரவு ரயிலிலேயே இடம் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை காலை எழும்பூரில் இறங்கிய அத்தையின் கையில் ஒரு தூக்குவாளி. உள்ளே அதிரச மாவு. அதிரசம் அவசரத்துக்கு வராது. பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரப்பதம் இருக்கும்போதே இடித்து, வெல்லப் பாகில் கிளறி, இரண்டு மூன்று நாளாவது மூடி வைக்க வேண்டும். அதை நினைத்தே ஒவ்வொரு வருஷமும் எனக்கு மலைப்பாக இருக்கும். அத்தை சிரித்தார். "வேலைக்குப் போறவளுக்கு ஏத்த பலகாரமே இதுதாம்மா. ஒரு நாள் பாகு காய்ச்சு, அப்புறம் அதுபாட்டுக்குக் கிடக்கும். தோதுப்பட்டப்ப நாலு தட்டிப் போட்டுக்கலாம்."

'பாட்டி வந்தாச்சு, பிரச்னை தீர்ந்தது' என்று இங்கே எழுதிவிட்டுப் போகலாம். அது உண்மையாக இருக்காது. அத்தைக்கு 61 வயது, இரண்டு முட்டியிலும் வலி. வாய்ப்புண்ணோடு அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெள்ளி, சனி இரண்டு நாளும் பகல் முழுக்க நடந்தார். சனிக்கிழமை இரவு அவர் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொள்வதைப் பார்த்த கணவர், கடையிலிருந்து 11 மணிக்கு வந்த களைப்போடு முறுக்கு அச்சைக் கையில் எடுத்தார். அச்சைத் திருகுவது எப்படி என்று அத்தை நாற்காலியில் உட்கார்ந்தபடி மகனுக்குச் சொல்லிக்கொடுத்தார். முறுக்குகள் ஒன்றும் வட்டமாக வரவில்லை. தின்ன நன்றாகத்தான் இருந்தன.

முறுக்கு வெந்துகொண்டிருந்தபோது டே கேரின் நான்கு நாள் விடுமுறையைப் பற்றி அத்தையிடம் மறுபடி புலம்பினேன். ஆயாம்மா கவுன் வாங்கப் போக முடியாமல் போனதையும் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன்.

"அந்தப் பிள்ளைக்கு நீ ஏதும் எடுத்துக் குடுத்தியா?" என்றார் அத்தை.

இல்லை என்றேன்.

"நான் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போறப்ப, இவனைப் பக்கத்து வீட்டு அக்காதான் பாத்துக்கிட்டாங்க. தீபாவளிக்கு எங்க வீட்டுல எடுக்குற முதல் சேலை அந்த அக்காவுக்கு. அதுக்கப்புறம்தான் எனக்கு. அவங்க இல்லைன்னா நான் எங்க போய்ச் சம்பாரிக்க?"

தீபாவளி வழக்கம் என்று எண்ணெய்க் குளியல், லேகியம், மஞ்சள் தடவிய புதுத்துணி என்றெல்லாம் அந்த வீட்டைப் பற்றி எனக்குத் தெரியும். இப்படி ஒரு வழக்கம் இருந்தது யாரும் சொல்லவில்லை. அந்த அக்கா இறந்த பிறகு அது நின்றுவிட்டதாம்.

*6 மணியா, 7 மணியா?*

தீபாவளியன்று எனக்கு வீட்டிலிருந்து காலை 6 மணி ஷிஃப்ட். 2018-ல் உச்ச நீதிமன்றம் பட்டாசுக்கு இரண்டு மணி நேரம் என்று வரையறுத்த பிறகு, தமிழகத்தில் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதாவது, மகள் கம்பி மத்தாப்பு பிடிக்கும் அதே ஒரு மணி நேரம் எனக்கு ஆபீஸ். முந்தைய நாள் எடிட்டரிடம், "7 மணிக்கு ஆரம்பிக்கட்டுமா? மாலையில் ஒரு மணி நேரம் கூடப் பார்க்கிறேன்" என்று கேட்டேன். "இதை ஏன் முன்னாடியே கேக்கலை?" என்றார். நிஜமாகவே ஏன் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டால், 'குழந்தை உள்ளவள்' என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயமாக இருக்கலாம். எனக்குக் குழந்தை இருப்பது எல்லோருக்கும் தெரியும்!

விடியற்காலை 5 மணிக்கு விளக்கேற்றி, மணை போட்டு, நல்லெண்ணெய்யை லேசாகக் காய்ச்சி வைத்தேன். அத்தை அடுப்படியிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"எண்ணெய் வைக்க உங்க அம்மாவை வரச் சொல்லியிருக்கலாம்ல? நான் வைக்கலாமோ என்னமோ..." என்று இழுத்தார்.

மாமா இல்லாத முதல் தீபாவளி. ஊரில் இருந்திருந்தால் நாலு உறவுக்காரர்கள் முன்னால் இந்தக் கேள்வி எழுந்திருக்கும். யாராவது ஒருவர் ஏதாவது சொல்லியிருப்பார். எங்கள் இரண்டு அறை வீட்டில் சொல்ல யாரும் இல்லை. கணவர் மணையில் உட்கார்ந்துவிட்டார். "நீ வைம்மா. எனக்கு 7 மணிக்குள்ள வெடி போடணும்" என்றார், ஏதோ 10 வயதுப் பையன் மாதிரி.

அத்தை வந்து மூன்று பேருக்கும் எண்ணெய் வைத்தார். கொப்புளம் முழுதாக ஆறாததால் மகளுக்கு உச்சியில் ஒரே ஒரு சொட்டு. சரியாக 7 மணிக்கு எண்ணெய் வாசனையோடு லேப்டாப் முன் உட்கார்ந்தேன்.

*பொங்கலுக்கு முன்னால்*

மகளுக்குக் கொப்புளம் எல்லாம் ஆறி, டே கேர் திறந்து இரண்டு நாள் கழித்து அவளை அழைத்துப் போனேன். அதிரச டப்பாவையும், ஆயாம்மா மகளுக்காக எடுத்த கவுனையும் நீட்டினேன். அதிரசத்தை உடனே வாங்கிக்கொண்டார். கவுனைத் தயங்கித் தயங்கித்தான் வாங்கினார்.

"இதெல்லாம் எதுக்கு பாப்பாம்மா? நீங்க 6 மணிக்கு வந்தாலே போதும்" என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் தாமதமாக வரும் ஒவ்வொரு நாளும், அவர் மகள் யார் வீட்டு வாசலிலோ அவருக்காக உட்கார்ந்திருக்கிறாள். எனக்காவது டே கேர் இருக்கிறது. நான்கு நாள் விடுமுறைக்குக் கோபப்பட்டபோது, அந்த நான்கு நாள் அவருடைய பண்டிகையும்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அன்றிலிருந்து என் போனில் 5.25-க்கு ஒரு அலாரம் அடிக்கிறது. எல்லா நாளும் 6 மணிக்குப் போய்விடுகிறேன் என்று சொல்ல மாட்டேன். முடியாத நாளில் கணவருக்கு முன்கூட்டியே சொல்கிறேன், அவர் கடையிலிருந்து ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுப் போகிறார். இத்தனை நாள் அவர் கேட்டதே இல்லை, நானும் கேட்கச் சொன்னதில்லை.

பொங்கலுக்குக் கணக்கு இப்படிப் போட்டிருக்கிறோம். போகியன்று டே கேர் மதியம் வரைதான். அன்று என் ஷிஃப்ட்டை, கிறிஸ்துமஸ் அன்று நான் யாருக்காக வேலை பார்க்கப் போகிறேனோ அந்தத் தோழி மதியத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறார். அன்றிரவே கோவில்பட்டி ரயில். பானை பொங்கும்போது அங்கே இருப்போம். கரும்பு, வாழை, கோலம் எல்லாம் அத்தை பார்த்துக்கொள்வார். பொங்கல் முடிந்ததும் பாத்திரம் கழுவுவது அவர் மகன். இது இப்போதே பேசி முடிவானது.

பொங்கல் துணி எடுக்க இந்த ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகிறோம். முதலில் எடுக்கப் போவது ஆயாம்மாவுக்கு ஒரு சேலை.

உங்கள் வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்கு எந்தெந்த நாள் விடுமுறை வேண்டும்? இன்று மாலையே கேட்டுவிடுங்கள். முடிந்தால் சரியான நேரத்துக்குப் போய்க் கேளுங்கள்.

அடுத்த வாரம் சந்திப்போம்.