வாய் மழுங்கிய உளிகளும் நாமும்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க் குழு கேட்டபோது கவிதை எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். காதல் கவிதைகளுக்கு மட்டும் தனி மூட்டை கட்டி வைத்திருப்பதாகச் சொன்னார்கள். பிழைத்தீர்கள்! நான் ஒரு சுரண்டு உளியைப் பற்றி எழுதுகிறேன்.

சிரிக்காதீர்கள். அந்த உளி என் வலது கண்ணைக் கொண்டு போயிருக்க வேண்டியது.

போன செமஸ்டர் லீவில், விருதுநகரில் என் மாமாவின் கடைசல் பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். கட்டில் கால், தொட்டில் கம்பு, ஊஞ்சல் குமிழ் கடையும் சின்னப் பட்டறை. வாசலில் விறகுக்குக் கிடந்த சீமைக்கருவேல மரத்தில் ஒரு தடித்த துண்டைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. பாட்டி வீட்டு உப்பு மரவை மாதிரி ஒரு கிண்ணம் கடைய வேண்டும்! மெக்கானிக்கல் மாணவன் அல்லவா? லேத் தெரியும், டூல் ஆங்கிள் தெரியும், வைவாவில் நல்ல மார்க் வேறு. மூலையில் கிடந்த பழைய தட்டை அரத்தை எடுத்து, நுனியைச் சாணையில் வட்டமாகத் தேய்த்து, பிடி போட்டு, சுழலும் கட்டைக்குள் நுழைத்தேன்.

'டணார்' என்று ஒரு சத்தம். அரம் இரண்டாக ஒடிந்து, ஒரு துண்டு என் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் அடித்தது.

பட்டறையில் முப்பது வருஷமாகக் கடைகிற அண்ணாச்சி லேத்தை அணைத்தார். திட்டவில்லை. ஒடிந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இது ராவுறதுக்குன்னே இறுக்கிப் பதம் வச்ச இரும்பு. வளைஞ்சு குடுக்கத் தெரியாது, ஒடியத்தான் தெரியும். அதுலயும் பல்லுக்குப் பல்லு வெட்டு இருக்கு. எந்த வெட்டுல வேணும்னாலும் ஒடியும். படிச்ச புள்ளைக்கு இது தெரியலையா?"

தெரியும், அண்ணாச்சி! அரம் உயர் கார்பன் எஃகு, கடினம் கூடினால் நொறுங்கும் தன்மையும் கூடும் என்று பரீட்சையில் எழுதியிருக்கிறேன். எழுதிய கைக்குத்தான் அது போய்ச் சேரவில்லை.

அன்று சாயங்காலம் வரை அவர் எனக்கு நடத்திய பாடத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் இரும்பை அறிய வேண்டும். சாணையில் லேசாகத் தொட்டாலே போதும். கார்பன் எஃகு என்றால் பொறி வெளுப்பாகக் கிளை கிளையாக வெடிக்கும். ஹெச்.எஸ்.எஸ். என்றால் மங்கிய செம்பொறி, அதுவும் கொஞ்சமாகத்தான் வரும். சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லவா வேண்டும்? கம்பி மத்தாப்பில் பூப்பூவாக வெடிப்பதும் கார்பன் கலந்த இரும்புத் தூள்தானே!

ஏன் ஹெச்.எஸ்.எஸ்.? 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் டெய்லரும் வைட்டும் உருவாக்கிய அதிவேக எஃகு, முனை சிவந்த பிறகும் வெட்டிக் காட்டியது. நாம் '18-4-1' என்று மனப்பாடம் செய்கிறோமே, டங்ஸ்டன், குரோமியம், வனேடியம்... அதெல்லாம் இதற்காகத்தான். கார்பன் எஃகு சாணையில் நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பதம் போச்சு. அதனால் அதை அடிக்கடி தண்ணீரில் தொட்டுத் தொட்டுத் தீட்ட வேண்டும். ஹெச்.எஸ்.எஸ். சூட்டைத் தாங்கும். ஆனால் சூடேறியதைத் தண்ணீரில் முக்கினால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். ஒன்றுக்கு மருந்து, இன்னொன்றுக்கு விஷம்!

அடுத்தது வடிவம். கிண்ணத்தின் உட்புறத்துக்கு வட்ட முனை வேண்டும். அந்த வட்டம் கிண்ணத்தின் குழிவைவிடச் சற்றுச் சிறியதாக இருக்க வேண்டும். முனை முழுதும் ஒரே நேரத்தில் மரத்தில் பட்டால் உளி கடித்து இழுத்துவிடும். கனமும் முக்கியம். ஆழமான கிண்ணத்துக்கு 10 மி.மீ. கனம் இருந்தால் உளி அதிராது. வெட்டும் முனை மட்டத்துக்கு ஒரு நூல் மேலே, பிடி சற்று உயர்ந்து, வாய் சற்றுத் தாழ்ந்து இருக்க வேண்டும். உளி தடுக்கினாலும் வாய் மரத்துக்குள் போகாமல் வெற்றிடத்துக்கு இறங்கும். கிண்ணத்தின் வெளிப்புறத்தைச் சுரண்டும்போது இதற்கு நேர்மாறாக, மட்டத்துக்குச் சற்றுக் கீழே வைக்க வேண்டும்.

கடைசியாகத் தீட்டுவது. சுரண்டு உளியின் கூர்க்கோணம் 70 முதல் 80 டிகிரி. இவ்வளவு மொட்டையாக இருப்பது எப்படி வெட்டும் என்று நானும் கேட்டேன். அண்ணாச்சி என் பெருவிரலை எடுத்து, தீட்டிய முனையின் மேல் பக்கம் வைத்து வெளிப்புறமாகத் தடவச் சொன்னார். முடி கனத்தில் ஒரு பிசிறு தட்டுப்பட்டது. "இதுதான் வெட்டுது. கெட்டி மரத்துல இது கொஞ்ச நேரம்தான் நிக்கும். சுருள் வந்தா வாய் இருக்கு. மாவு வந்தா வாய் போச்சு. அப்புறமும் அழுத்துனா மரம் கிழியும், இல்லாட்டி கை கிழியும்."

நண்பர்களே, சுருளா, மாவா? இந்த ஒரு கேள்வியை எந்த வினாத்தாளிலும் நான் பார்த்ததில்லை.

நம் ஒர்க்ஷாப்பில் என்ன நடக்கிறது? பிட் தீட்டிய நிலையில் கைக்கு வருகிறது. மழுங்கினால் திருப்பிக் கொடுக்கிறோம், வேறொன்று வருகிறது. ரெக்கார்டு நோட்டில் ரேக் ஆங்கிள் படத்தைப் போன வருஷ சீனியரிடமிருந்து ஈ அடிச்சான் காப்பி அடிக்கிறோம். ஆயுத பூஜையன்று கிரைண்டருக்குச் சந்தனம், குங்குமம், மாலை. மறுநாளிலிருந்து அதன் பக்கம் போவதில்லை! ஜாப் சரியாக வராவிட்டால் மெஷின் சரியில்லை என்கிறோம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்!

"இது சி.என்.சி. காலம், கார்பைடு இன்செர்ட் போட்டுத் தூக்கி எறிகிற காலம், சாணை எதற்கு?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் இன்செர்ட்டுக்கும் ரேக் உண்டு, தேய்மானம் உண்டு. எப்போது தூக்கி எறிய வேண்டும் என்று மெஷின் சொல்லாது, சுருளும் சத்தமும்தான் சொல்லும். மேலும் நம்மில் எத்தனை பேருக்கு முதல் வேலை பெரிய கம்பெனியில் கிடைக்கப் போகிறது? சிவகாசி அச்சகங்களில் காகிதம் வெட்டும் கத்தி, டை கட்டிங், சின்ன லேத் பட்டறை... எங்கே போனாலும் ஒரு வாய் நமக்காக மழுங்கிக் காத்திருக்கும்.

"கிரைண்டர் ஆபத்து, மாணவன் கையில் கொடுக்கலாமா?" என்பது இன்னொரு கேள்வி. ஆபத்து என்பதால்தான் கற்றுத்தர வேண்டும். கற்றுத்தராததால்தான் நான் அரத்தை எடுத்தேன்.

என் அம்மா பட்டாசு ஆலையில் மருந்து செலுத்தும் அறையில் வேலை செய்கிறார். எட்டாவதோடு படிப்பு முடிந்தது. ஆனால் மருந்து வழிக்க இரும்புத் தகடு ஆகாது, பொறி வராத மரமோ பித்தளையோதான் வேண்டும் என்று அவருக்கு அத்துப்படி. நான் சாணைத் தூள் படிந்த சட்டையோடு வீட்டுக்குப் போனபோது, "அதை வாசல்லயே கழட்டிப் போடு, என் வேலைச் சேலைகிட்ட கொண்டு வராத" என்றார். எந்த வேலைக்கு எந்தச் சுரண்டி என்பதில் தப்பு செய்தால் என்ன ஆகும் என்று அந்த அறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். டிப்ளமோ படிக்கும் மகனுக்குத்தான் தெரியவில்லை. அன்று வெட்கமாக இருந்தது.

அதனால் நம் மாணவர் மன்றத்துக்கு என் வேண்டுகோள் இவைதான். முதல் இரண்டு ஒர்க்ஷாப் வகுப்புகளில் ஒவ்வொரு மாணவனும் தன் பிட்டைத் தானே தீட்ட வேண்டும், அதற்கு மார்க்கும் வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்போம். மன்ற நிதியில் கண்ணாடி மூக்குக் கவசங்கள் வாங்கி வைப்போம். சாணைக்கும் ரெஸ்ட்டுக்கும் இடைவெளி 3 மி.மீ.க்கு மேல் கூடாது, கல்லின் பக்கவாட்டில் தேய்க்கக் கூடாது, பழைய அரம் உளியாகாது என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் மாட்டுவோம். கலை விழா ஸ்பீக்கர் வாடகையைவிட இதற்குச் செலவு குறைவு!

அந்தச் சீமைக்கருவேலக் கிண்ணம் என்ன ஆச்சு என்கிறீர்களா? அண்ணாச்சி தந்த ஹெச்.எஸ்.எஸ். உளியை ஏழு முறை தீட்டிக் கடைந்து முடித்தேன். கரிமூட்டத்துக்குப் போக வேண்டிய மரம், உள்ளே தேன் நிறத்தில் மின்னுகிறது. அம்மா அதில் உப்பு போட்டு வைத்திருக்கிறார். பக்கத்திலேயே ஒடிந்த அரத்துண்டையும் நான் வைத்திருக்கிறேன்.

மூன்று வருஷம் முடிந்து போகும்போது நம் கையில் சர்டிபிகேட் இருக்கும். அதோடு, நாமே தீட்டிய ஓர் உளியும் இருக்கட்டுமே, நண்பர்களே!