ரம்பம் அடம் பிடித்தால்...!

மரம் அறுக்கும் பெட்ரோல் ரம்பத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டுவிட்டுத் தொடர்கதைப் பக்கத்துக்குத் தாவிவிடாதீர்கள், சகோதரிகளே! 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டதே, ஞாபகமிருக்கிறதா? தெருவுக்குத் தெரு மரம் குறுக்கே கிடந்தது. அறுக்க ஆள் அகப்படவில்லை. அந்த அனுபவத்துக்குப் பிறகு, எனக்குத் தெரிந்த சில குடியிருப்புக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு ஒரு ரம்பம் வாங்கி, மாடிப்படிக்கு அடியில் வைத்திருக்கிறார்கள்.

வைத்ததோடு சரி. அடுத்த ஐப்பசி மழைக்கு வெளியே எடுத்துக் கயிற்றை இழுத்தால் இரண்டு தரம் இருமும். அப்புறம் மௌன விரதம்! வீட்டு ஆண்பிள்ளைகள் தோள் வலிக்க இழுத்துப் பார்த்துவிட்டு, "கார்புரேட்டர் போயிற்று" என்று தீர்ப்பளிப்பார்கள். புதிதுக்கு மெக்கானிக் விலை சொல்வார். பணம் எடுக்கப் பீரோவைத் திறக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

கார்புரேட்டர் என்பது பெட்ரோலையும் காற்றையும் பக்குவமாகக் கலந்து என்ஜினுக்கு ஊட்டுகிற சமையற்காரர். பழைய ஸ்கூட்டரில் அதற்கு ஒரு கிண்ணமும் மிதவையும் உண்டு, சாய்த்தால் வழியும். ரம்பத்தையோ பக்கவாட்டிலும் தலைகீழாகவும் பிடிக்க வேண்டும். ஆகையால் மிதவைக்குப் பதிலாக இரண்டு மெல்லிய ஜவ்வுகள் வைத்திருக்கிறார்கள். டயஃப்ரம் என்று பெயர். ஒன்று பெட்ரோலை இழுக்கிறது. மற்றது அளந்து விடுகிறது. பால் ஆடை மாதிரித் துவள வேண்டிய அந்த ஜவ்வு, பொரிக்காத அப்பளம் மாதிரி விறைத்துப் போனால் என்ஜின் பட்டினிதான்.

ஏன் விறைக்கிறது? பழைய பெட்ரோல்தான் முதல் எதிரி. ஆயில் கலந்த பெட்ரோல் ஒரு மாதத்துக்கு மேல் நல்லபடியாக இராது; வருஷக்கணக்கில் கிடந்தால் பிசின் போல் ஒட்டிக்கொள்ளும். இப்போது இன்னொரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது. நம் நாட்டுப் பெட்ரோலில் எதனால் என்ற சாராயம் கலக்கிறார்கள் அல்லவா? அந்தக் கலப்பு 2025-ல் 20 சதவிகிதத்தை எட்டிவிட்டது. பல ரம்பங்களின் கையேடுகளோ 10 சதவிகிதத்துக்கு மேல் வேண்டாம் என்கின்றன. எதனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் மிஞ்சினால் தண்ணீரும் எதனாலுமாகப் பிரிந்து டாங்கின் அடியில் தங்கும். என்ஜினுக்குப் பெட்ரோல் போகும் குழாயின் வாயும் அங்கேதான் கிடக்கிறது! ஆயில் இல்லாத அந்தத் திரவம் உள்ளே போனால் பிஸ்டனுக்கே ஆபத்து.

ஆகவே முதல் வேலை, பழையதைக் கொட்டுவது. சாக்கடையில் அல்ல, ஒரு டப்பாவில் பிடித்து மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். புதிய பெட்ரோலில் கையேடு சொல்லும் அளவுக்கு 2டி ஆயில் சேர்க்க வேண்டும். ஐம்பதுக்கு ஒன்று என்றிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி. இருபத்தைந்துக்கு ஒன்று என்றால் 40 மில்லி. சமையலில் உப்புப் போடுவது போல் கைக்கணக்கு இங்கே உதவாது. கலப்பதும் வீட்டுக்கு வெளியே, காற்றாட. காஸ் அடுப்பும் சுவாமி விளக்கும் இருக்கிற பக்கமே பெட்ரோல் டின் வரக் கூடாது.

மற்றதைப் பார்க்குமுன் என்ஜின் ஆறியிருக்கட்டும். பிளக் மூடியைக் கழற்றி வையுங்கள். சங்கிலியைத் தொடுவதானால் கையுறை அவசியம். காற்று வடிகட்டியில் மரத்தூள் அடைத்திருக்கிறதா? சோப்புத் தண்ணீரில் அலசி நன்றாக உலர்த்தி மாட்டுங்கள். டாங்குக்குள் குழாய் நுனியில் சின்ன வடிகட்டி ஒன்று உண்டு. வளைத்த கம்பியால் வெளியே இழுத்துப் பார்க்கலாம். கறுத்திருந்தால் மாற்றுங்கள், விலை சொற்பம். சில நிமிஷம் ஓடி நின்றுவிடுகிறதா? டாங்க் மூடியை மெல்லத் தளர்த்துங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே போய், மறுபடி ஓடினால், டாங்க் மூச்சு விடும் துவாரம்தான் அடைத்திருக்கிறது. பாவம், கார்புரேட்டர் நிரபராதி!

அப்புறம் பிளக்கைக் கழற்றுங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் மிஞ்சிவிட்டது. துடைத்துவிட்டு, ஸ்விட்சை அணைத்து, சோக்கை விலக்கி, நாலைந்து தரம் கயிற்றை இழுத்தால் உள்ளே உலரும். இத்தனை இழுத்தும் பிளக் உலர்ந்தே இருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை என்று அர்த்தம். இப்போதுதான் கார்புரேட்டர் மீது சந்தேகப்பட நியாயமுண்டு. மெதுவாக ஓடும்; விசையை அழுத்தினால் உயிரை விடும் - அதுவும் இதே சாதிக் கோளாறு. உள்ளே இருக்கும் சல்லடை அடைத்திருக்கும், அல்லது ஜவ்வு விறைத்திருக்கும். சும்மா இருக்கும்போதே பெட்ரோல் சொட்டினால் ஊசி வால்வில் அழுக்கு. மூன்றுக்கும் சுத்தம் செய்து, ஜவ்வுகள் அடங்கிய ரிப்பேர் செட் போட்டாலே பெரும்பாலும் போதும் என்று மெக்கானிக்கிடம் தைரியமாகச் சொல்லுங்கள். சுத்தம் செய்யத் தெளிப்பு மருந்து இருக்கிறது. பம்ப் ஸ்டவ் காலத்து ஞாபகத்தில் ஓட்டைகளைப் பின் விட்டுக் குத்த வேண்டாம்! துளை ஒரு மயிரிழை அகன்றாலும் அளவு தப்பிவிடும்.

வெளியே மூன்று திருகாணிகள் தெரியும். எல், எச் என்ற எழுத்துக்கள் போட்ட இரண்டில் எச்-சைத் தொடாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். அதை வலப்பக்கம் முறுக்கினால் பெட்ரோல் குறைந்து என்ஜின் ஜோராகக் கத்தும். கேட்கப் பிரமாதம்தான், ஆனால் சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது, சும்மா ஓடும் வேகத்துக்கானது. விசையை விட்ட பிறகும் சங்கிலி நகர்கிறதென்றால் இதைத் தளர்த்த வேண்டும். தளர்த்தியும் நிற்காவிட்டால் கிளச் ஸ்பிரிங் போயிருக்கலாம். அந்த ரம்பத்தை அன்றைக்கு யாரும் கையில் எடுக்க விடாதீர்கள். "இந்த ஒரு கிளையை மட்டும்..." என்று கெஞ்சினாலும் சரி.

ஓட ஆரம்பித்துவிட்டதா? சந்தோஷம். அறுத்து முடித்ததும், அடுத்த புயல் வரைக்கும் மூட்டை கட்டுமுன், டாங்கைக் காலி செய்து, தானாக நிற்கும் வரை வெளியில் வைத்து ஓட விடுங்கள். பூட்டிய கார் ஷெட்டுக்குள் மட்டும் வேண்டாம். அந்தப் புகையில் கலந்திருக்கும் விஷ வாயுவுக்கு வாசனையே கிடையாது.